நித்தியகல்யாணியும் மரத்த விரல்களும்: வின்கிரிஸ்டின் நரம்புச் சேதத்தின் வரலாறும் விருதுநகர் – சிவகாசி வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

வின்கிரிஸ்டின் எனும் புற்றுநோய் மருந்து நித்தியகல்யாணிச் செடியின் இலையிலிருந்து பெறப்படுகிறது. இச்செடி விருதுநகர் உள்ளிட்ட தென்தமிழக வறண்ட நில மாவட்டங்களில் பயிராகிறது. கைகால் விரல்களின் உணர்வை மங்கச் செய்யும் புறநரம்புச் சேதம் இம்மருந்தின் முதன்மையான பக்கவிளைவாகும். அச்சேதத்தைக் கூட்டுமருந்துச் சிகிச்சையை வகுத்தோர் அறிந்தே ஏற்றனர் என்றும், அதை அளக்க உருவான அளவுகோல்களில் விரல்வேலையால் பிழைப்போரின் இழப்பு இடம்பெறவில்லை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. மருந்தின் வரலாறு, நரம்பு சிதையும் முறை, சிவகாசி வட்டாரத்தின் கைத்தொழில், வேலூரில் தொழுநோய் மருத்துவம் கண்டறிந்த உண்மைகள் ஆகியன ஒருங்கே நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நித்தியகல்யாணி, வின்கிரிஸ்டின், புறநரம்புச் சேதம், நுண்குழல், சிவகாசி, உணர்விழப்பு

1. முன்னுரை

பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட விருதுநகர் மாவட்டத்தின் பொருளியல் வரலாறு பெரும்பாலும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று, மறு ஆண்டு சிவகாசி திரும்பிய நிகழ்விலிருந்து அவ்வரலாறு தொடங்குவது வழக்கம். மழை பொய்த்த மானாவாரி நிலம், மலிவான உழைப்பு, தீப்பெட்டிக்கும் வெடிக்கும் ஏற்ற வறண்ட காற்று ஆகிய மூன்றும் அதன் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அதே மானாவாரி நிலத்தில் விளையும் ஒரு சிறு பயிர் இவ்வெழுத்துகளில் அதிகம் இடம்பெறவில்லை. ஐந்து இதழ்களுடன் வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் நித்தியகல்யாணியே அப்பயிர். அதன் இலைச் சருகு வணிகர் வழியே வெளிநாடுகளுக்குச் சென்று, ஊசிமருந்தாகி, இந்திய மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் அது இன்றியமையாதது. அம்மருந்தை ஏற்றுக்கொள்வோர் பலருக்கு விரல்நுனி மரத்துப்போகிறது. விரல்நுனியின் நுண்ணுணர்வை நம்பியே இயங்கும் ஒரு தொழில்வட்டாரத்தில் இவ்விளைவுக்கு என்ன பொருள் என்ற வினா இதுவரை உரிய முறையில் எழுப்பப்படவில்லை.

2. சுடுகாட்டுப் பூவிலிருந்து ஊசிமருந்து வரை

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. கப்பல் வழிகளின் ஊடே வெப்பமண்டல நாடுகள் அனைத்திலும் அது பரவிற்று. லின்னேயஸ் 1759இல் இதனை வின்கா இனத்துள் வைத்தார். 1837இல் ஜார்ஜ் டான் கேதராந்தஸ் என்னும் தனி இனத்துக்கு மாற்றினார். தாவரவியலார் பழைய பெயரைக் கைவிட்ட பின்னும், மருந்துகளின் பெயர்களில் 'வின்' என்னும் முன்னசை எஞ்சிவிட்டது. தமிழில் இச்செடிக்கு வழங்கும் பெயர்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆண்டு முழுதும் பூப்பதால் நித்தியகல்யாணி. கவனிப்பாரின்றி இடுகாட்டு ஓரங்களில் செழிப்பதால் சுடுகாட்டுப் பூ, சுடுகாட்டு மல்லி. பட்டிப்பூ என்ற பெயரும் உண்டு. மங்கலமும் அமங்கலமும் ஒரே செடியின் பெயர்களாக நிற்பது, அதன் மருந்தின் இயல்பைப் பின்னர் அறிந்தவர்க்கு வியப்பளிக்கக்கூடும். ஆனால் அப்பெயர்கள் மருந்துக்கு மிக முற்பட்டவை என்பதால் அதற்கு மேல் பொருள் காண்பது பொருந்தாது.

வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் இப்பயிருக்கு நீர்த்தேவை குறைவு. விதை மிகச் சிறியது. மணலோடு கலந்தே தூவப்படும். இலையின் கசப்பால் ஆடுமாடு கடிப்பதில்லை. ஆகவே வேலியும் காவலும் வேண்டா. விதைத்த ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை உருவப்படும். ஆண்டு முடிவில் செடி வேரோடு பிடுங்கப்படும். இலை புற்றுநோய் மருந்துக்கும், வேர் இரத்த ஓட்டக் குறைபாட்டுக்கான அஜ்மாலிசின் என்னும் பொருளுக்கும் செல்லும். நிழலில் உலர்த்தப்பட்ட சருகே வணிகப் பொருள். ஒரு கிராம் வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ அரை டன் சருகு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு தடவை செலுத்தப்படும் அளவு பெரும்பாலும் இரண்டு மில்லிகிராமைத் தாண்டாது. அதாவது ஒரு முறை ஊசிக்கு ஒரு கிலோ சருகு. இலை உருவும் கைகளுக்கு இம்மருந்தால் நரம்புச் சேதம் நேர்வதில்லை என்பதும் இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

மருந்தின் கண்டுபிடிப்பு நீரிழிவில் தொடங்கியது. ஜமைக்காவில் இவ்விலையின் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. டொராண்டோ மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு 1952இல் அவருடைய நோயாளி ஒருவர் ஜமைக்காவிலிருந்து இருபத்தைந்து இலைகளை அஞ்சலில் அனுப்பினார். அவர் அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில் இலைச்சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஊசிவழி செலுத்தப்பட்டபோது எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றால் இறந்தன. ஆராய்ந்ததில் அவற்றின் வெள்ளையணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. வெள்ளையணுவை அழிக்கும் பொருள் வெள்ளையணுப் புற்றுநோய்க்குப் பயன்படலாம் என்ற ஊகம் அங்கிருந்து பிறந்தது. 1954இல் வந்துசேர்ந்த வேதியியலார் சார்லஸ் பீர் அப்பொருளைத் தனித்துப் பிரித்தார்; இன்று அது வின்பிளாஸ்டின் எனப்படுகிறது. இந்த ஆய்வு 1958இல் அறிவிக்கப்பட்ட காலத்திலேயே, அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடா, இர்விங் ஜான்சன் ஆகியோரும் இதே செடியின் சாறு இரத்தப் புற்று கொண்ட சுண்டெலிகளின் ஆயுளை நீட்டுவதைக் கண்டிருந்தனர். ஸ்வபோடா பிரித்தெடுத்த மற்றொரு காரப்போலியே வின்கிரிஸ்டின். 1963 ஜூலையில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

3. நரம்பைப் பிணை வைத்த சிகிச்சை

வின்பிளாஸ்டினுக்கும் வின்கிரிஸ்டினுக்கும் இடையே வேதியியல் வேறுபாடு மிகச் சிறிது. ஒன்றில் ஒரு நைட்ரஜன் அணுவின்மேல் மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் மற்றொன்றில் ஃபார்மைல் தொகுதி உள்ளது. உடலில் விளையும் வேறுபாடோ பெரிது. முன்னது எலும்பு மச்சையை ஒடுக்கும். பின்னது மச்சையைப் பெருமளவு விட்டுவைத்து நரம்பைத் தாக்கும்.

வின்கிரிஸ்டினின் புகழுக்கு இந்த வேறுபாடே காரணம். 1960களின் தொடக்கத்தில் கைவசம் இருந்த மருந்துகளுள் பெரும்பாலானவை மச்சையை ஒடுக்குவனவாக இருந்தன. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி தொற்றாலோ குருதிப்போக்காலோ இறக்கும் இடர் இருந்தது. தீங்கு ஒரே உறுப்பில் குவியாதவாறு மருந்துகளைத் தெரிந்து சேர்ப்பதே இதற்குத் தீர்வாகக் காணப்பட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகியோர் 1962இல் தொடங்கிய 'வாம்ப்' சிகிச்சையில் வின்கிரிஸ்டின் நான்கு மருந்துகளுள் ஒன்றாகச் சேர்ந்தது. ஹாட்ஜ்கின் நோய்க்காக வின்சென்ட் டெவிட்டா குழுவினர் வகுத்த 'மாப்' சிகிச்சையிலும் இதற்கு இடம் கிடைத்தது. மச்சைக்கு வரவேண்டிய சுமையின் ஒரு பகுதி நரம்பின்மேல் இறக்கப்பட்டது. இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிடுவதற்கில்லை. அதுகாறும் ஏறக்குறைய அனைவரையும் கொன்ற குழந்தை இரத்தப் புற்று குணமாகும் நோயானது இவ்வழியில்தான். ஆயினும் வரலாற்றை எழுதுமிடத்து 'பக்கவிளைவு' என்ற சொல் நிகழ்ந்ததைச் சரியாகச் சுட்டவில்லை என்பதைக் குறித்தாக வேண்டும். நரம்பு இச்சிகிச்சையில் பிணையாக வைக்கப்பட்டது.

கணுக்கால் அனிச்சை மறைதல், விரல்நுனியில் கூச்சம், பாதத்தைத் தூக்க இயலாத தொய்வு, குடல் இயக்கம் தளர்ந்து மலச்சிக்கல் ஆகியன மருந்து வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மருத்துவ இதழ்களில் விரிவாகப் பதிவாயின. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், ஆனால் மொத்தம் 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல் என்று பல சிகிச்சை முறைகளில் இன்றும் பின்பற்றப்படும் வரம்பு நரம்பை முன்னிட்டே எழுந்தது. அதாவது எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்பதைப் புற்றுநோயோடு நரம்பும் சேர்ந்து தீர்மானித்தது.

தமிழகத்தில் இம்மருந்தின் பெரும்பயன் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தோடு இணைந்தது. 1954இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் எழுந்த அந்நிறுவனம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகியவற்றுடன் சேர்ந்து 1980களின் நடுப்பகுதியில் 'எம்.சி.பி. 841' என்னும் பொதுமுறையைக் குழந்தை இரத்தப் புற்றுக்குக் கைக்கொண்டது. அமெரிக்க அறிஞர் இயன் மக்ராத், வி. சாந்தா முதலியோர் இதன் விளைவுகளை 2005இல் வெளியிட்டனர். பிழைத்த குழந்தைகளின் விகிதம் முன்னிலும் வெகுவாக உயர்ந்திருந்தது. அம்முறையின் முதற்கட்டத்தில் வின்கிரிஸ்டின் ஒரு தூண்.

4. பிளவுறாத உயிரணு ஏன் பாதிக்கப்படுகிறது?

வேதிச்சிகிச்சை மருந்துகள் பெருகிப் பிளக்கும் உயிரணுக்களைக் கொல்வன. தலைமுடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் மச்சை ஒடுங்குவதும் அக்காரணத்தாலேயே. நரம்பணுவோ பிளப்பதில்லை. எனவே இம்மருந்து அதைத் தீண்டாதிருக்க வேண்டும். நிகழ்வது நேர்மாறானது.

விடை, உயிரணுவுக்குள் உள்ள நுண்குழல்களில் கிடைத்தது. 1960களின் பிற்பகுதியில் கேரி போரிசி, எட்வின் டெய்லர் ஆகியோர் கோல்ச்சிசின் என்னும் பொருள் பற்றிக்கொள்ளும் புரதத்தைத் தேடிச் சென்று, இன்று டியூபுலின் எனப்படும் புரதத்தைக் கண்டனர். டியூபுலின் துணுக்குகள் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கப்பட்டு நுண்குழல் உருவாகும். உயிரணு பிளக்கும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் இக்குழல்களால் ஆனது. வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பற்றிக் குழலின் நுனியை முடக்குகிறது. குழல் வளரவும் இயலாது, உரிய முறையில் குறுகவும் இயலாது. கதிர் உருவாகாமல் பிளவு பாதியில் நின்று உயிரணு மடிகிறது.

நரம்பணுவில் இதே குழல்கள் வேறு பணி செய்கின்றன. கால் பெருவிரலின் தொடுவுணர்வைச் சுமக்கும் அணுவின் உடல், இடுப்புப் பகுதித் தண்டுவடத்தை ஒட்டிய முதுகுவேர் நரம்புமுடிச்சில் இருக்கிறது. அதன் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் சிறிது. அதிலிருந்து புறப்படும் ஆக்சான் என்னும் இழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். இழையின் நுனிக்கு வேண்டிய புரதங்களுள் பெரும்பாலானவை அணுவுடலில் உற்பத்தியாகி நுண்குழல்களின் மேல் ஏற்றிச் செல்லப்படுகின்றன. வெளிநோக்கிச் சுமக்கும் கைனசின் என்னும் இயங்கு புரதம் 1985இல் அறியப்பட்டது. திரும்பிச் சுமப்பது டைனீன். விரைவுச் சரக்கு நாளொன்றுக்கு நானூறு மில்லிமீட்டர் வரை செல்லும். அவ்விரைவிலும் கால்விரலை எட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். தண்டவாளம் குலைந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடைசி ஊர். நரம்புச் சேதம் பாதத்திலும் கையிலும் காலுறை, கையுறை அணிந்தாற்போன்ற வடிவில் தோன்றுவதற்கு இது முதன்மையான காரணம். எனினும் வின்கிரிஸ்டின் பெறுவோருள் பலர் கால்விரலுக்கு முன்பே கைவிரல் நுனியில் கூச்சத்தை உணர்வதுண்டு. நீளக் கணக்கு மட்டும் முழு விளக்கமாகாது.

பட்டினிக்குப் பின் நிகழ்வது கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் தெளிவாகியது. இழை தானாக வாடி உதிர்வதில்லை. தன்னையே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு அதனுள் இருக்கிறது. என்மேனட்-2 என்னும் குறுகிய ஆயுள் கொண்ட புரதம் அணுவுடலிலிருந்து இடையறாது வந்துகொண்டிருக்கும் வரை சார்ம்-1 என்னும் நொதி அடங்கிக் கிடக்கிறது. வரவு நின்றால் சார்ம்-1 விழித்தெழுந்து இழையின் ஆற்றல் வேதிப்பொருளான என்ஏடி-யைச் சிதைத்துவிடுகிறது. இழை துண்டு துண்டாகிறது. சார்ம்-1 நீக்கப்பட்ட சுண்டெலிகளில் வின்கிரிஸ்டின் நரம்புச் சேதத்தை உண்டாக்கவில்லை என 2016இல் நிறுவப்பட்டது. சேதம் மருந்தின் தவிர்க்கவியலாத நிழல் என்ற நெடுநாள் கருத்தை இந்த ஆய்வு அசைத்திருக்கிறது. மனிதர்க்கான மருந்து இதிலிருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

மூளை தப்புவதும் முதுகுவேர் முடிச்சு அகப்படுவதும் குருதிக்குழாய் அமைப்பால் நேர்வன. மூளைக்கு உள்ள குருதித் தடுப்பு அம்முடிச்சுகளுக்கு இல்லை. அங்குள்ள நுண்குழாய்ச் சுவர்கள் துளையுடையவை. தடுப்பைத் தாண்டித் தண்டுவட நீரில் இம்மருந்து தவறுதலாகச் செலுத்தப்பட்டால் பெரும்பாலும் மரணமே. அத்தகைய தவறுகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரிக்கை விடுத்தது. குடலை இயக்கும் தன்னியக்க நரம்புகளுக்கும் தடுப்பு இல்லாமையால் மலச்சிக்கல் நேர்கிறது. அதற்குப் பல நாடுகளில் கொடுக்கப்படும் மலமிளக்கிகளுள் ஒன்று, உலக மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயரையே தாங்கி நிற்கும் நிலாவரை. ஊர் வழக்கில் அவுரி. இதுவும் இதே தென்மாவட்டங்களின் மானாவாரிப் பயிர், தூத்துக்குடி வழியே கப்பலேறுவது. நோய்க்கு மருந்தும் மருந்தின் தொல்லைக்கு மருந்தும் அடுத்தடுத்த காடுகளில் விளைகின்றன.

இன்னொரு செடியையும் இங்குச் சுட்டலாம். டியூபுலினைக் கண்டறிய உதவிய கோல்ச்சிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உண்டு. கண்வலிக்கிழங்கு என்று உழவர் அழைக்கும் அதனைத் தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடுகின்றனர். மூட்டுவாதத்துக்கு வழங்கும் கோல்ச்சிசினும் நீண்டகாலம் உட்கொண்டால், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுற்றோரில், தசையையும் நரம்பையும் கெடுக்கும். இரு செடிகளும் ஒரே புரதத்தைப் பற்றும் நஞ்சுகளைத் தனித்தனியே உருவாக்கியுள்ளன.

எல்லா மருந்துகளும் நுண்குழலைத்தான் தாக்கும் என்று கொள்ளலாகாது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து மன்ரோ வால், மன்சுக் வானி ஆகியோர் பிரித்தெடுத்த பாக்லிடாக்சல் குழலைக் குலைப்பதற்கு மாறாக இறுகச் செய்கிறது. சூசன் ஹார்விட்ஸ் 1979இல் இதனைக் காட்டினார். இறுகிய தண்டவாளமும் சரக்கைத் தடுமாறச் செய்கிறது. சிஸ்பிளாட்டின் முதுகுவேர் முடிச்சின் அணுவுடலிலேயே மரபுப்பொருளைச் சேதப்படுத்துகிறது. மருந்தை நிறுத்திய பின்னும் சில மாதங்கள் மரப்பு கூடிக்கொண்டே செல்வதுண்டு. ஆக்சாலிபிளாட்டின் பெற்றவருக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல் சுள்ளென்கிறது. மார்பகப் புற்றுக்குப் பாக்லிடாக்சலும் கருப்பைவாய்ப் புற்றுக்குச் சிஸ்பிளாட்டினும் பெருக வழங்கப்படுவதால், தென்தமிழகப் பெண் தொழிலாளர் நரம்புச் சேதத்தை எதிர்கொள்ளும் வாயில் வின்கிரிஸ்டினைக் காட்டிலும் இவையாகவே இருத்தல் கூடும்.

5. விரலால் பிழைக்கும் ஊர்

கைத்தீப்பெட்டித் தொழிலில் சட்டத்தில் குச்சிகளை ஒன்றையொன்று தொடாமல் வரிசையிடுவது 'கட்டை அடுக்குதல்'. முடிந்த குச்சிகளைப் பெட்டியில் அடைத்தல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் என ஒவ்வொரு நிலையும் கண்ணைவிட விரலை நம்புவது. எண்ணிக்கை பார்த்தறியப்படுவதில்லை, பிடியின் கனத்தால் அறியப்படுகிறது. பட்டாசில் குழாய் உருட்டுதல், திரி செருகுதல், சரவெடிக்குத் திரிகளைப் பின்னுதல் ஆகியவையும் அவ்வாறே. கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில். விரலின் வேகம் பாதியானால் வருமானமும் பாதியாகும். இத்தொழில்களில் பெண்களே மிகுதி.

சிவகாசி வழக்கில் மருந்து என்ற சொல்லுக்கு வெடிக்கலவை என்று பொருள். 'மருந்து கலக்கும் அறை', 'மருந்து செலுத்துதல்', 'மணிமருந்து' என்பன அன்றாடச் சொற்கள். விபத்துச் செய்திகளில் மீண்டும் மீண்டும் வருவது 'உராய்வு' என்ற காரணம். கலவையை அழுத்தும் விசையைக் கைதான் கட்டுப்படுத்துகிறது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விரலுக்குச் சொல்வது தொடுவுணர்வு. அவ்வுணர்வு மங்கியவர் இயல்பாகவே கூடுதலாக அழுத்திப் பிடிப்பார் என்பது நரம்பியல் நன்கறிந்த உண்மை. வெடிமருந்துக் கூடங்களில் ஆணியடித்த காலணி விலக்கப்பட்டு வெறுங்காலே வழக்கமாக உள்ளது. மரத்த பாதத்துக்கு அதுவும் இடரே. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், வேதிச்சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பும் தொழிலாளியின் கை அவரை மட்டுமன்றி அறையில் உள்ள அனைவரையும் சார்ந்த பொருளாகிறது. இது தரவு கொண்டு நிறுவப்பட்ட முடிவன்று. உடலியலும் தொழில்முறையும் சேர்ந்து தரும் ஊகம். தரவு திரட்டப்படாமைக்கு அளவுகோல்களே ஒரு காரணம்.

நரம்புச் சேதத்தைத் தரப்படுத்தப் பெரிதும் வழங்கும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் முறையில், சமையல், கடைக்குச் செல்லுதல், தொலைபேசி, பணக்கணக்கு முதலிய செயல்களுக்கு இடையூறு நேர்ந்தால் இரண்டாம் தரம். குளித்தல், உடுத்தல், உண்ணல் ஆகியவற்றுக்கு இடையூறு நேர்ந்தால் மூன்றாம் தரம். ஐரோப்பிய அமைப்பு ஒன்று 2005இல் வெளியிட்ட வினாநிரல் பேனா பிடித்தலையும் பொத்தான் போடுதலையும் கேட்கிறது. சேலை உடுத்தி, கையால் உண்டு, பேனா பிடிக்கத் தேவையில்லாத ஒருவர் இவ்வினாக்களில் தேறிவிடலாம். திரி பின்ன இயலாமை எந்தத் தரத்திலும் வராது. வீட்டுவேலையையும் தன் உடலையும் கவனிக்க முடிந்தால் போதும் என்ற முன்முடிவு அளவுகோலுக்குள் ஒளிந்திருக்கிறது. கூலி உழைப்பு அதன் பார்வையில் இல்லை.

மருத்துவர் – நோயாளி உரையாடலிலும் இடைவெளி உண்டு. 'மரத்துப்போகிறதா?' என்ற வினாவுக்கு இல்லை என்று விடை சொல்பவர், 'மதமதப்பு', 'எறும்பு ஊருகிறது', 'செருப்பு கழன்றது தெரியவில்லை' என்று வேறு சொற்களில் அதையே சொல்லக்கூடும். சிகிச்சை நின்றுவிடுமோ என்ற அச்சமும் வாயை அடைக்கும். நரம்புச் சேதம் முற்றினால் மருந்து குறைக்கப்படும் என்பதை நோயாளிகள் விரைவில் கற்றுக்கொள்கின்றனர்.

6. வேலூரில் அறியப்பட்டது

மரத்த கையோடு உழைப்பது எவ்வாறு என்ற வினா தமிழகத்துக்குப் புதியதன்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் ராபர்ட் காக்ரேனின் நோயாளிகளைக் கண்டபின், அவர்தம் கைகளை ஆராயத் தொடங்கினார். தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்பதே அக்காலப் பொதுநம்பிக்கை. பிராண்டும் அவர் குழுவினரும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தைத் தேடிப் பதிந்தனர். கொதிக்கும் பாத்திரம், தேய்ந்த மண்வெட்டிப் பிடி, இறுகப் பற்றிய சாவி எனக் காரணங்கள் வெளியிலிருந்தே வந்தன. விரல்கள் குறைந்தது வலி தெரியாமையால். 1951இல் எழுந்த நவஜீவன் நிலையத்தில் கருவிகளின் பிடி மாற்றப்பட்டது. தச்சு முதலிய தொழில்கள் மரத்த கைக்கேற்பக் கற்பிக்கப்பட்டன. அருகில் காரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு நிலையம் இப்பணியைத் தொடர்ந்தது. குறிப்பிட்ட விசையில் வளையும் நைலான் இழையால் விரல்நுனியைத் தொட்டு உணர்வை அளக்கும் எளிய முறை தொழுநோய் மருத்துவத்தில் நாடெங்கும் வழக்காயிற்று. அதே இழை புற்றுநோய் சிகிச்சையிலும் பொருந்தும். செலவும் மிகக் குறைவு. ஆயினும் இரு துறைகளும் தனித்தனிக் கட்டடங்களில், தனித்தனித் திட்டங்களின் கீழ் வளர்ந்தன.

இவற்றிடையே விந்தையான ஒரு பாலமும் உண்டு. 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் தொழுநோய் எதிர்வினைக்குத் தாலிடோமைடு பயன்படுவதைக் கண்டார். 1999இல் அதே மருந்து மச்சைப் புற்றுக்கு உதவுவது அறியப்பட்டது. அதன் தீங்குகளுள் ஒன்று கைகால் மரத்தல்.

தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2014இலும் 2020இலும் வெளியிட்ட நெறிமுறைகள் எதனையும் தடுப்புக்காகப் பரிந்துரைக்கவில்லை. வலி இருந்தால் டுலோக்சிடின் என்னும் மாத்திரை ஓரளவு தணிக்கும். மரத்த இடத்தில் உணர்வை அது மீட்பதில்லை. வின்கிரிஸ்டினைப் பொறுத்தவரை சிகிச்சை முடிந்தபின் மாதக்கணக்கில் நரம்பு தேறுவதே பெரும்பான்மை. சிலர்க்கு எச்சம் நிலைத்துவிடும். ஆகவே கேள்வி அந்த இடைக்காலத்தைப் பற்றியது. உருப்படிக் கூலி பெறுபவர்க்கு அதுவே குடும்பம் கடனில் வீழும் காலம்.

சட்டத்தின் நிலையும் நோக்கத்தக்கது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விரல்களை எண்ணி மதிப்பிட்டது: பெருவிரல் இழப்புக்கு ஈட்டுதிறன் இழப்பு 30 விழுக்காடு, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50. விரல் இருந்து உணர்வு இல்லாமை அவ்வட்டவணையில் தனித்து எண்ணப்படவில்லை. சிகிச்சையால் நேர்ந்தது பணிவழி நேர்ந்த தீங்காகவும் ஆகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உணர்விழப்பை வெளிப்படையாகவே ஏற்கிறது. உருக்குலைவு ஏதும் வெளிப்படையாக இல்லாதபோதும் கை அல்லது காலில் உணர்விழப்பும், கண், இமை ஆகியவற்றில் உணர்விழப்பும் தளர்வும் உடையவரை அது வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆனால் அந்த வரையறை 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்' என்ற தலைப்பின் கீழ் உள்ளது. புற்றுநோயிலிருந்து குணமடைந்தவரின் மரத்த கைக்கு அத்தகைய தொடர் எதுவும் எழுதப்படவில்லை. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், மதுரைக்குச் செல்லாமலே நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் வாய்ப்பு மாவட்டத்துக்குள் உருவாகியிருக்கிறது. பிராண்டின் குழு புண் ஒவ்வொன்றுக்கும் காரணம் பதிந்ததுபோல், அங்கு வரும் ஒவ்வொருவரிடமும் எந்த மருந்து, எந்த விரல், எந்த வேலை என்று மூன்று பத்திகளில் குறித்துவைப்பதற்கு ஒரு நைலான் இழையும் ஒரு குறிப்பேடும் போதும்.